ஓலையில் எழுதின பேரும் ஷெட்யூலில் எழுதின பேரும்

1

நானும் பெரியப்பா மகனும் ஒரே நாளில்தான் சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னையும் ஒரு கிணறும்தான். பாட்டா ஒருத்தர்தான். சாதியும் ஒன்றுதான், சாம்பவர். ஆனால் தாலுகா ஆபீசிலிருந்து வந்த தாள்கள் ஒன்றாக இல்லை. அவனுக்கு எஸ்.சி. எனக்கு பி.சி.

காரணம் இவ்வளவுதான். பெரியப்பா ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அப்பா எடுத்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். சிலுவைப் படம் போட்ட காலண்டர். அதுக்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பாட்டாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. அவர் கிறிஸ்துமசுக்குச் சர்ச்சுக்கும் போவார், கொடைக்குச் சுடலைமாடன் கோயிலுக்கும் போவார். “ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரு பெத்த பிள்ளையளுக்கு ரெண்டு சாதி எப்பிடிடே மக்கா வந்து? அந்த ஆபீசரு ஒங்க மொகத்தப் பாக்கல்லியா?” என்று கேட்டார். அந்த வாரமே டீக்கடை முன்னால் மேலத்தெருப் பையன் ஒருத்தன் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே வார்த்தையால் கூப்பிட்டான். அவன் எங்கள் தாள்களைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தேவையும் இல்லை.

பிறகு நான் எம்.ஏ. தமிழ் படிக்கப் போனேன். தொகைநிலைத் தொடர் நடத்தினார்கள். இரண்டு சொல் சேரும்போது நடுவில் உருபு மறைந்து நிற்கும், மறைந்து நிற்பதை விரித்துச் சொன்னால்தான் பொருள் தெரியும் என்றார்கள். பொற்குடம், கருங்குவளை, ஊறுகாய் என்று உதாரணம் சொன்னார்கள். எனக்கு மட்டும் ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ என்ற இங்கிலீஷ் தொடர்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் அச்சாகிற தொடர் அது. எழுத்தறியாத கிழவிக்கும் ‘எஸ்ஸி’ என்று தெரிந்த தொடர். அதில் மறைந்து நிற்பது என்ன? யார் மறைத்தது? இந்தக் கட்டுரை அதைத்தான் விரித்துப் பார்க்கிறது.

2

முதலில் இரண்டாவது சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘காஸ்ட்’ இங்கிலீஷ்காரன் சொல்லும் அல்ல. மேற்குக் கரையில் மிளகு வாங்க வந்த போர்ச்சுக்கீசியனின் ‘காஸ்தா’ அது. குலம், வம்சம், கலப்பில்லாத இனம் என்று பொருள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் செடிக்கும்கூட அந்தச் சொல்லைச் சொல்வார்கள். நம்ம ஊரில் மனுசனை மனுசன் தொடாமல் விலகிப் போவதைப் பார்த்தவனுக்குக் கால்நடைக்குச் சொல்கிற சொல்தான் கைக்கு வந்தது. நாம் சொல்கிற ‘சாதி’யோ சமஸ்கிருத ‘ஜாதி’. பிறப்பு என்று பொருள். தொல்காப்பிய மரபியலில் அது மனிதரைக் குறித்து வரவில்லை, நீரில் வாழும் உயிர்களைக் குறித்து வருகிறது. மீனுக்கும் மாட்டுக்கும் சொன்ன சொற்கள் இரண்டும் கடைசியில் நம்ம தலையில் வந்து விடிந்தன.

இனி முதல் சொல், ‘ஷெட்யூல்’. லத்தீனில் ‘ஸ்கெடா’ என்றால் பாப்பிரஸ் நாணலைக் கிழித்தெடுத்த ஒரு நறுக்கு. அதன் சின்ன வடிவம் ‘ஸ்கெடூலா’. அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போனபோது எழுதின துண்டுச் சீட்டு என்று ஆனது. பெரிய பத்திரத்தோடு இப்படிச் சின்னச் சீட்டைக் கோத்து இணைப்பது வழக்கம். நாளடைவில் சட்டத்தின் கடைசியில் சேர்க்கிற பட்டியலுக்கு அதுவே பேராகிவிட்டது. நம்ம பாஷையில் சொன்னால் ஓலைநறுக்கு.

ஓலைநறுக்கு என்று எழுதும்போது எனக்கு வேறு ஓலைகள் ஞாபகம் வருகின்றன. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிக் கண்டெடுத்தார். பின்னால் அ.கா.பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஓலைகளில் வரி, வாய்க்கால், நாட்டார் கூட்டம் எல்லாம் தேடுவார்கள். தேட வேண்டியதுதான். ஆனால் நாஞ்சில் நாட்டில் எழுதப்பட்ட ஓலைகளில் ஆள் விற்ற ஓலைகளும் உண்டு. வயலோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள், ஒற்றி வைக்கப்பட்டவர்கள் பறையரும் புலையரும். நம்ம ஆட்களின் பேர் எழுத்தில் ஏறியது புலவனாகவோ கொடையாளியாகவோ அல்ல, விலைப்பொருளாக. 1836இல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் 12,80,668 பேரில் 1,64,864 பேர் அடிமைகள். எட்டில் ஒருவர். 1853இலும் 1855இலும் வந்த அரச பிரகடனங்கள்தான் சட்டத்தளவில் அதை முடித்தன. பாட்டாவின் பாட்டாவுக்குப் பாட்டன் காலம். ரொம்ப தூரமில்லை.

ஆக நம்ம பேரை எழுதின ஓலைகள் இரண்டு வகை. முதலாவது, நம்மை விற்க எழுதினது. இரண்டாவது, நமக்கு உரிமை கொடுக்க எழுதினது. இரண்டாவதை முதலாவதுபோல் பார்க்க முடியாது. பட்டியலே அவமானம் என்று பேசுகிற சில படித்த தம்பிமார் உண்டு. அவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியல் கெஞ்சிக் கிடைத்தது அல்ல, சண்டை போட்டு வாங்கினது. ஆனால் அதை எழுதின கை யாருடையது, எங்கே கோடு போட்டு நிறுத்தியது என்று கேட்காமலும் இருக்க முடியாது.

3

ஷெட்யூல்டு என்பதற்கு முன்னால் இருந்த சொல் ‘டிப்ரஸ்டு கிளாஸஸ்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே மிஷனரிகளும் சீர்திருத்தக்காரர்களும் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 1906இல் பம்பாயில் வித்தல் ராம்ஜி ஷிண்டே தொடங்கின அமைப்புக்கே ‘டிப்ரஸ்டு கிளாஸஸ் மிஷன்’ என்றுதான் பேர். இதன் தமிழாகத்தான் ‘தாழ்த்தப்பட்டோர்’ வந்தது. நல்ல தமிழ் இலக்கணப்படி இது செயப்பாட்டுவினை. தாழ்ந்தவர் அல்ல, தாழ்த்தப்பட்டவர். யாரோ தாழ்த்தியிருக்கிறான். எழுவாயைச் சொல்லவில்லையே தவிர, வினை நடந்தது என்று அந்தச் சொல் ஒத்துக்கொள்கிறது.

ஆனாலும் அந்தச் சொல்லை அம்பேத்கர் ஏற்கவில்லை. 1931 நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு அவரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த துணை மனுவில் பேரை மாற்றச் சொன்னார்கள். சாதியற்ற இந்துக்கள், புராட்டஸ்டன்ட் இந்துக்கள், ஒத்துப்போகாத இந்துக்கள் என்று மூன்று பேரை முன்வைத்தார்கள். மூன்றும் எதிர்ப்பைச் சொல்கிற பேர்கள். 1932இல் வாக்குரிமைக் குழுவுக்கு எழுதின குறிப்பில், பழைய சொல் இழிவாக ஒலிக்கிறது என்று அம்பேத்கர் சொன்னார். வெளிச்சாதிகள் அல்லது விலக்கப்பட்ட சாதிகள் என்று சொல்லலாம் என்றார். 1931 சென்சஸ் அறிக்கையில் ஹட்டன் ‘வெளிச்சாதிகள்’ என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பேர்ச்சண்டைக்கு அடியில் இன்னொரு சண்டை நடந்தது. எத்தனை பேர் என்ற சண்டை. பிரதிநிதித்துவம் என்றால் தலை எண்ண வேண்டும். தலை எண்ண வேண்டும் என்றதும், எங்க மாகாணத்தில் தீண்டாமையே கிடையாது, இருந்தாலும் கொஞ்சம்தான் என்று சாதி இந்துக்கள் சொல்லத் தொடங்கினார்கள். நேற்றுவரை கோடிக்கணக்கில் இருந்த தீண்டத்தகாதவர்கள் ஓட்டு என்று வந்ததும் காணாமல் போனார்கள். அம்பேத்கர் இதைப்பற்றி எழுதின கட்டுரைக்கு ‘லட்சங்களிலிருந்து பின்னங்களுக்கு’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்பது இங்கேதான் விளங்குகிறது. பேர் பேராக, மாகாணம் மாகாணமாக எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நம்மை இல்லை என்று சொல்லிவிடுவான்.

1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் தொகுதியை உண்ணாவிரதம் போட்டுப் பறித்தார்கள், பதிலுக்கு ஒதுக்கீட்டு இடங்களைக் கூட்டினார்கள். அந்த ஒப்பந்தத்திலும் ‘டிப்ரஸ்டு கிளாஸஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில்தான் பேர் மாறியது. முன்பு டிப்ரஸ்டு கிளாஸஸ் என்று அறியப்பட்டவர்களுக்கு ஒத்தவர்களாக மன்னர் குறிப்பிடும் சாதிகளே ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் என்று அது வரையறுத்தது. 1936 ஏப்ரல் 30இல் மன்னரின் ஆணை வந்தது. அதோடு மாகாணவாரியாகப் பட்டியலும் வந்தது.

அம்பேத்கர் கேட்ட பேர்கள் எல்லாம் எதிர்ப்பைச் சொல்லின. கிடைத்த பேர் ஒன்றுமே சொல்லவில்லை. ‘பட்டியலில் எழுதப்பட்ட சாதி’, அவ்வளவுதான். ஏன் எழுதப்பட்டது, இவர்களுக்கு யார் என்ன செய்தார்கள், ஒன்றும் அதில் இல்லை. ‘தாழ்த்தப்பட்ட’ என்பதில் வினையாவது இருந்தது, இதில் குமாஸ்தாவின் வினைதான் இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்தத் தொடரில் தொக்கி நிற்பது தீண்டாமை. ஆனாலும் அம்பேத்கர் இந்தப் பேரை ஏற்றுக்கொண்டார், 1942இல் தன் கட்சிக்கே ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன்’ என்று பேர் வைத்தார். வசவு இல்லாத ஒரு பேர், கோர்ட்டில் காட்டத்தக்க ஒரு பேர். அன்றைக்கு அதற்கு அந்த மதிப்பு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவு, பட்டியலைக் குடியரசுத் தலைவர் அறிவிப்பார், அதன்பின் ஒரு பேரைச் சேர்க்கவோ எடுக்கவோ நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும் என்று சொல்கிறது. ஒரு மந்திரியோ கலெக்டரோ அழிக்க முடியாத ஓலை. அந்தப் பாதுகாப்பு லேசுப்பட்டது அல்ல.

4

இதெல்லாம் பிரிட்டிஷ் இந்தியாவின் கதை. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. 1936ஆம் ஆண்டுப் பட்டியல் எங்களைத் தொடவில்லை. அதே 1936இல், நவம்பர் 12ஆம் தேதி, எங்களுக்கு வேறொன்று வந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம். அங்கே சட்டசபையில் இடம், இங்கே கோயிலில் இடம். அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கி, பிரஜா சபையில் உறுப்பினராகி, பள்ளிக்கூடத்துக்காகவும் பொதுவழிக்காகவும் போராடின நாடு இது. மக்கள் வேறு மதத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயமும் அந்தப் பிரகடனத்துக்குப் பின்னால் இருந்தது என்பதை எங்க ஊரில் எல்லாரும் அறிவார்கள். ஏனென்றால் அதற்கு நூறு வருசம் முன்னாலேயே எங்களில் கொஞ்சம் பேர் போயிருந்தார்கள்.

மயிலாடி மகராசன் வேதமாணிக்கத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சாம்பவர். தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று ஊருக்குத் திரும்பினவர். அவர் கூப்பிட்டதால்தான் லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. தெற்குத் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை ஒரு பறையர் வீட்டு முற்றத்திலிருந்துதான் கிளம்பியது. தலித் கிறிஸ்தவன் சபைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவன் அல்ல, அதன் கதவைத் திறந்தவன் அவன்தான். ஆனால் சபை வளர வளர சாதியும் கூடவே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சம்பந்தம் செய்வதிலும் சபைப் பொறுப்பிலும் அது எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தன. 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவரின் பட்டியல் ஆணை வந்தபோதுதான் எங்கள் தெருவுக்கு ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ என்ற பேர் வந்து சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு இணைந்தன. செங்கோட்டை திருநெல்வேலியோடு போனது. எல்லை மாறியது. ஆனால் பழைய ராஜ்ஜியத்தின் பட்டியல் அழியவில்லை. தமிழ்நாட்டுப் பட்டியலை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். சில சாதிகளின் பேருக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் என்று எழுதியிருக்கும். வண்ணான், பரவன், தண்டான் என்று அப்படிச் சில பேர்கள். 1956இல் முடிந்துபோன திருவிதாங்கூர் அந்த அடைப்புக்குறிக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதன் நடப்பு அர்த்தம் என்ன? ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் துணி வெளுக்கிறவர் பட்டியல் சாதி. காற்றாடிகளைத் தாண்டி அந்தப் பக்கம் பணகுடியில், வள்ளியூரில் அதே தொழில் செய்கிற அவருடைய சம்பந்தி மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். வெள்ளாவிப் புகை ஒன்றுதான். அந்தப் பக்கத்து ஊரிலும் அவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்று எல்லாருக்கும் தெரியும். 1976இல் ஒரு திருத்தச் சட்டம் வந்து மாநிலத்துக்குள்ளே இருந்த இப்படிப்பட்ட எல்லைகளைப் பெருமளவு எடுத்தது. இந்த அடைப்புக்குறிகள் தப்பித்துக்கொண்டன.

ஆக ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ என்றால் தீண்டாமைக்கு ஆளான சாதி என்று நேரடியாகப் பொருள் கிடையாது. இந்த இடத்தில், இந்த நாளில், பட்டியலில் பேர் இருக்கிற சாதி என்றுதான் பொருள். பேர் இருந்தால் சாதி உண்டு, பேர் இல்லாவிட்டால் சட்டத்துக்குக் கண் தெரியாது. கண் தெரியாதது சட்டத்துக்கு மட்டும்தான், ஊருக்கு நன்றாகத் தெரியும்.

5

இனி என் பி.சி. தாளுக்கு வருகிறேன்.

1936ஆம் ஆண்டு ஆணையிலேயே ஒரு வரி இருந்தது. எந்த இந்தியக் கிறிஸ்தவனையும் ஷெட்யூல்டு காஸ்டாகக் கருதக்கூடாது. ஏன் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். அன்றைய சட்டசபைக் கணக்கைப் பார்த்தபோது ஒரு காரணம் தெரிந்தது. சென்னை மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள். அதில் 30 பட்டியல் சாதிகளுக்கு, 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு. கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி இருந்தது. ஒருத்தன் இரண்டு இடத்தில் ஓட்டுப் போட முடியாது. அந்தக் கணக்குக்கு அந்த வரி பொருந்தியது.

சுதந்திரத்துக்குப் பிறகு தனி வாக்காளர் தொகுதி ஒழிந்தது. கிறிஸ்தவனுக்கு இருந்த அந்த எட்டு இடமும் போய்விட்டது. காரணம் போனால் வரியும் போக வேண்டாமா? போகவில்லை. 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியாக அது மறுபடி வந்தது, வேறு சட்டை போட்டுக்கொண்டு. இந்து மதம் அல்லாத மதத்தைப் பின்பற்றுகிறவர் எவரும் பட்டியல் சாதி ஆகமாட்டார். ஓட்டுக் கணக்காக இருந்தது மதக் கணக்காகிவிட்டது. திருவிதாங்கூர்க்காரர்களான எங்களுக்குப் பட்டியலும் அந்த விலக்கும் ஒரே தாளில், ஒரே நாளில் வந்தன.

அந்த மூன்றாம் பத்தி கல்லில் வெட்டினது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1950லேயே சீக்கியரில் நான்கு சாதிகளுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். 1956இல் சீக்கியத் தலித்துகள் எல்லாரையும் சேர்த்தார்கள். அதே 1956 அக்டோபர் 14இல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவினார், லட்சக்கணக்கில் மக்கள் அவரோடு போனார்கள். போனவர்கள், அவர் வாங்கிக்கொடுத்த பட்டியலுக்கே வெளியே ஆனார்கள். 1990இல்தான் பௌத்தர்களைச் சேர்த்துத் திருத்தம் வந்தது. முப்பத்துநாலு வருசம். தலைவனின் பேச்சைக் கேட்டதற்குக் கொடுத்த விலை. கிறிஸ்தவத் தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் இன்னும் கதவு திறக்கவில்லை.

கோர்ட்டுக்கும் போனோம். சென்னைத் தெருவில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் சூசை, அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில், மதம் மாறின பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதே கொடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்பது. தைக்கிற செருப்பு மாறவில்லை, உட்கார்ந்த தெருவோரம் மாறவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. 2004இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வருசக்கணக்காகக் கிடந்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏமாற்றுவது யார் என்று நான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பேர், பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஒரு பேர் என்று எங்கள் பிள்ளைகளை இரட்டை வாழ்க்கை வாழப் பழக்கினது எது? அந்த மூன்றாம் பத்திதானே?

தமிழ்நாட்டில் மதம் மாறின பட்டியல் சாதியினரை, எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்பார்கள். ஆனால் அங்கே யாரோடு போட்டி? நேற்றுவரை நம்மை வேலை வாங்கின, நிலமும் பள்ளிக்கூடமும் கடையும் வைத்திருக்கிற சாதிகளோடு. 2011 சென்சஸில் எங்கள் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் நாலு சதவீதம், மாநிலம் முழுக்க இருபது. அந்த நாலில் எங்கள் வீடு இல்லை. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதியிலும் ஒன்றுகூடத் தனித்தொகுதி கிடையாது.

இதெல்லாம் வேலைக்கும் படிப்புக்குமான சண்டை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாட்டா இறந்தபோது, பிணத்தை வழக்கமான வரப்பு வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. மழைத்தண்ணீர். பொது ரோடு வழியாகக் கொண்டுபோனோம். மறித்தார்கள். கைகலப்பானது. எனக்கும் அடி, பெரியப்பா மகனுக்கும் அடி. இரவு வழக்கறிஞர் தோழர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து புகார் எழுதினோம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை அவர் எழுதிக்கொண்டே வந்தார். கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தேன். “தோழர், நீங்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர்னு அண்ணன் மட்டும் போடட்டும். ஒங்க அடிக்கு இந்தச் சட்டம் கெடையாது” என்றார். அவர் சொன்னது சரிதான். சட்டப்படி அன்றைக்கு வன்கொடுமைக்கு ஆளானவன் அண்ணன் மட்டும். எனக்குக் கிடைத்தது சாதாரண அடி. அடித்தவன் கை இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் எண்ணியது.

6

பேர் மாறினால் நிலைமை மாறுமா என்று கேட்கிறவர்களுக்கு நம்ம வரலாறே பதில். சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்து அந்தப் பேரை நிமிர்த்திப் பார்த்தார். அயோத்திதாசர் பூர்வத் தமிழர் என்றார், பௌத்தர் என்றார். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. காந்தி ஹரிஜன் என்று பேர் வைத்தார். 1938 ஜனவரியில் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதாவில் அந்தச் சொல்லை நுழைத்தபோது, எங்களைக் கேட்காமல் எங்களுக்குப் பேர் வைக்க நீங்கள் யார் என்று கேட்டு அம்பேத்கர் கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். 1972இல் மராட்டியத்துத் தலித் சிறுத்தைகள் எழுந்தபின் ‘தலித்’ நாடெங்கும் பரவியது. நொறுக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். நொறுக்கினவன் யார் என்ற கேள்வியைத் தன்னோடு சுமந்து வருகிற சொல். 2018 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. தலித் என்று சொல்ல வேண்டாம், ஷெட்யூல்டு காஸ்ட் என்று சொல்லுங்கள் என்றது. ஏன் என்று யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கேள்வி கேட்கிற பேருக்குப் பதிலாகக் கேள்வி கேட்காத பேர்.

வசவில்லாமல் வந்த அந்தச் சொல்லையும் நம்ம ஊர் சும்மா விடவில்லை. ‘எஸ்ஸி’ என்பதைக் கல்லூரி ஹாஸ்டலில் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இலக்கணத்தில் இதற்கு அன்மொழித்தொகை என்று பேர். தொடரில் இல்லாத ஒன்றை, அதற்கு வெளியே நிற்கிற ஆளைக் குறிக்கும். “எஸ்ஸி வாறான்” என்றால் பட்டியல் வரவில்லை, பாட்டா பேரன்தான் வருகிறான். ‘காலனி’ என்ற சொல்லும் இப்படித்தான் ஆனது. வெள்ளைக்காரன் தன் குடியேற்றத்துக்கு வைத்த பேர் இங்கே நம்ம குடியிருப்புக்கு வசவானது. அரசுப் பதிவேடுகளிலிருந்து அந்தச் சொல்லை எடுப்பதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த பேர் எத்தனை வருசம் சுத்தமாக இருக்கும்? ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிறவரை சேரிக்கு என்ன பேர் வைத்தாலும் அழுக்காகும்.

அதனால் என் கோரிக்கை பேரைப்பற்றியது அல்ல. ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ இருக்கட்டும். சாதி ஒழிகிறவரை அந்த ஓலை நமக்கு வேண்டும். கல்லூரி வாசலில் காட்ட வேண்டும், காவல் நிலையத்தில் காட்ட வேண்டும். அதில் இரண்டு கோடுகளைத்தான் அழிக்கச் சொல்கிறேன். முதலாவது, மூன்றாம் பத்தி. சாதி மதம் பார்த்து அடிப்பதில்லை, சட்டம் மட்டும் ஏன் மதம் பார்த்துக் காப்பாற்ற வேண்டும்? எங்களைச் சேர்ப்பதால் இந்துத் தலித்துகளின் பங்கு குறையும் என்று சொல்லி அண்ணனையும் தம்பியையும் மோதவிடுகிறவர்களுக்குப் பதில் உண்டு. தலை கூடினால் ஒதுக்கீட்டின் அளவையும் கூட்டுங்கள். இரண்டாவது, கணவாயில் கிழித்த கோடு. 1956இல் மறைந்த ராஜ்ஜியத்தின் வரப்பை வைத்து வெளுக்கிறவனின் உரிமையை அளப்பது இனியும் நடக்கக்கூடாது.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. மூன்றாம் பத்தியை எடுக்கச் சொல்லி ஊர்வலம் போகிற ஆயர்மார், கிறிஸ்தவத்தில் சாதி இருக்கிறது என்று கோர்ட்டில் அத்தாட்சி காட்டுகிறார்கள். நல்லது. அதே அத்தாட்சியைத் தங்கள் நிர்வாகக் குழுவிலும் கல்லறைத் தோட்டத்திலும் பள்ளிக்கூட வேலை நியமனத்திலும் ஒருதரம் வாசித்துப் பார்க்கட்டும். மயிலாடியில் கதவைத் திறந்தவனின் பேரப்பிள்ளைகள் இன்னும் கடைசிப் பெஞ்சில்தான் இருக்கிறார்கள்.

பாட்டாவை ரோடு வழியாகத்தான் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். அந்த வழக்கு அண்ணன் பேரில் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா நானும் போகிறேன். சாட்சியாக.